மலை மேல் பெண் பார்த்த நாள்

அக்காவைக் கடைசியாகப் பெண் பார்த்தது எங்கள் வீட்டு முன்னறையில் இல்லை. நாகலாபுரத்துக்கு மேலே இருக்கிற மலை முகட்டில். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று காலை சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

நாங்கள் அப்போது புத்தூரில் இருந்தோம். அக்கா திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் ரயிலில் போய் வருவாள். நைட் டூட்டி முடிந்து வந்தால் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுவாள். நான்தான் கழற்றிப் போடுவேன். அவளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களுடையது மிஷன் காலத்துப் பழைய சபை. ஆராதனை தமிழில், அறிவிப்பெல்லாம் பாதித் தெலுங்கில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “பெரியவளுக்கு இன்னும் ஒன்னும் அமையலியா?” என்று கேட்காமல் விடமாட்டார்கள். அம்மா எங்களை விட்டுவிட்டு வேகவேகமாக வீட்டுக்கு நடப்பாள்.

பெண் பார்க்க யாரும் வராமல் இல்லை. ஒரு வீட்டுக்கு அவள் நிறம் போதவில்லை. இன்னொரு வீட்டுக்கு நைட் டூட்டி பிடிக்கவில்லை. வீட்டுக்குக் கடைசியாக வந்தவர்கள், “பொண்ணு பையனைவிட ஒசரமா கீதே” என்று அவள் எதிரிலேயே சொன்னார்கள். அக்கா உயரம்தான். அவர்கள் போனதும் காபித் தட்டை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அம்மா, இதோட சரி. இனிமே நான் யார் முன்னாடியும் தட்டு தூக்கிக்கினு வந்து நிக்கமாட்டேன். கோவமா எல்லாம் சொல்லல. சும்மாதான் சொல்றேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அம்மா பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். சும்மா சொன்னதுதான் அவளைப் பயமுறுத்தியது.

எங்கள் சபையில் வருடா வருடம் சங்கராந்தி முடிந்த வாரத்தில் ஒரு மலை ஏற்றம் உண்டு. தெலுங்கு ஜனங்கள் சொல்வதுபோல நாங்களும் அதை வனபோஜனம் என்போம். காலையில் ஏறி, முகட்டின் மேலேயே நடந்து, மதியம் மேலே சாப்பிட்டு, வேறு பக்கமாக இறங்கி வருவோம். அந்த வருடம் சித்தூர் சபையும் எங்களோடு சேர்ந்து வருவதாக பாஸ்டரம்மா அறிவித்தார். அவர் அதற்கு முன் சித்தூரில் இருந்தவர், அதனால் யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. அக்கா லீவு போட்டுவிட்டாள். மலை என்றால் அவளுக்கு உயிர்.

அன்று விடிகாலை புளிசாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா என் காதருகே வந்தாள்.

“சித்தூர் வேன்ல ஒரு பையன் வர்றான். பேங்க்ல வேலை. அம்மா இல்லாத பையன், அத்தைதான் வளத்தாங்க. அவங்களும் வர்றாங்க. பொண்ணு பாக்குற மாதிரி இல்லாம சும்மா பாத்துக்கட்டும்னு பாஸ்டரம்மா சொன்னாங்க. உங்க அக்காகிட்ட மூச்சு விடாத.”

“தெரிஞ்சா இன்னா ஆவும் தெரியுமா?”

“தெரிஞ்சாதானே? அந்த மஞ்சள் சுடிதார எடுத்துக் குடு, போ.”

அக்கா மஞ்சள் சுடிதாரைப் பார்த்து, “மலைக்கு எதுக்குமா இது, முள்ளுல கிழியவா?” என்றாள். துவைத்துத் துவைத்து வெளுத்த ஒரு குர்தாவைப் போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வெள்ளை ஷூவையே மாட்டிக்கொண்டாள். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருக்கு அன்று ரயில்வேயில் டூட்டி. வாசலில் நின்று எங்களை அனுப்பும்போது, “கால் ஒடிஞ்சா கவலப்படாதீங்க, கட்டு போடுற ஊருக்குத்தான் திரும்பி வரப்போறீங்க” என்றார். ஒவ்வொரு வருடமும் சொல்வார். எலும்பு ஒடிந்தால் கட்டுப் போடுவதில் பேர்போன ஊர் என்பதால் புத்தூர்க்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான்.

மலையடிவாரத்தில் பனி இன்னும் விலகவில்லை. சித்தூர் வேன் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. காட்டிலாகா காவலர் ஒருவர் எங்கள் தமிழைக் கேட்டதும் நெற்றியைச் சுருக்கினார். செம்மரம் வெட்ட வருகிற கூட்டத்துக்குப் பயந்த காலம் அது. தமிழ் பேசிக்கொண்டு கும்பலாக மலை ஏறினால் நின்று பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பாஸ்டரம்மா முன்னால் போய்த் தெலுங்கில் சரளமாகப் பேசினார். அம்மா புளிசாத டப்பாவைத் திறந்தே காட்டிவிட்டாள். காவலர் சிரித்துவிட்டார். “ஜாக்ரத்தகா வெள்ளண்டி”, பார்த்துப் போங்கள் என்று வழிவிட்டார்.

அந்தப் பையனை நான் அப்போதே கண்டுபிடித்துவிட்டேன். ஒல்லியாக, அக்காவைவிடக் கொஞ்சம் உயரமாக, தோளில் தண்ணீர்க் கேனோடு நின்றிருந்தார். பையன் என்று அம்மா சொன்னாளே தவிர, காதோரம் ஒன்றிரண்டு நரை இருந்தது. அவருடைய அத்தை கஞ்சி போட்ட காட்டன் புடவையும் புத்தம்புது கேன்வாஸ் ஷூவுமாக இருந்தார். ஸ்கூல் ஹாஸ்டலில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பார்த்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் தானாகவே பேச்சை நிறுத்தினார்கள்.

முதல் ஏற்றம் மூச்சு முட்டும். பாறைக்கும் புதருக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை. அதைத் தாண்டி முகட்டுக்கு வந்துவிட்டால் மலை திடீரென்று தயவு காட்டும். இடுப்பளவு காய்ந்த புல், காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். ஒரு பக்கம் மடிப்பு மடிப்பாக எங்கள் ஆந்திரா மலைகள். இன்னொரு பக்கம் கீழே பிச்சாட்டூர் ஏரி, நாகலாபுரத்துக் கோயில் கோபுரம், அதற்கும் அப்பால் ஊத்துக்கோட்டைப் பக்கத்து வயல்கள், பனியில் பாதி மறைந்து. அங்கே போனதும் எல்லோருடைய போனும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கும். தமிழ்நாட்டுக்கு நல்வரவு என்று ஒரு செய்தி. கொஞ்சம் நடந்தால் ஆந்திராவுக்கு நல்வரவு. அப்போதெல்லாம் ரோமிங் கட்டணம் இருந்தது. அம்மா பயந்துபோய் போனையே அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாள். நாங்கள் பாடிக்கொண்டு நடந்தோம். சித்தூர்க்காரர்கள் எந்தப் பாட்டையும் எங்களைவிட மெதுவாகப் பாடுவார்கள். அதனால் ஒவ்வொரு பாட்டும் இரண்டு முறை முடிந்தது.

அம்மாவும் அந்த அத்தையும் பாஸ்டரம்மாவும் சேர்ந்து செய்த வேலைகளைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தண்ணீர் வேண்டும் என்று அக்காவை அவரிடம் அனுப்பினார்கள். கேன் கனமாக இருக்கும், ஒரு கை பிடி என்று மறுபடி அனுப்பினார்கள். அக்கா சந்தோஷமாகவே போனாள். போய், “ப்ரதர், கொஞ்சம் தண்ணி” என்று கேட்டாள். அந்த ‘ப்ரதர்’ காதில் விழுந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சபையில் எல்லா ஆண்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆனால் பெண் பார்க்க வந்தவரைக் கூப்பிடக்கூடாத வார்த்தை அது ஒன்றுதான்.

எல்லாம் அத்தையால்தான் உடைந்தது. ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், போனை எடுத்து, “இந்தப் பக்கம் திரும்பி நில்லும்மா, ஒரு போட்டோ” என்றார். அக்கா எங்களையும் கூப்பிட்டாள். “நீ மட்டும் நில்லு” என்றார் அவர். எடுத்து முடித்து, போட்டோவைப் பார்த்துக்கொண்டே, “ஒசரம் எவ்ளோ இருப்ப?” என்று கேட்டார்.

அக்காவின் முகத்தை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. அந்தக் கேள்வியை அவள் எத்தனை முறை கேட்டிருக்கிறாள்! மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏதோ ஒரு செடியின் இலையைக் கிள்ளி மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டரம்மா வானத்தைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்தேன்.

அவள் கத்தவில்லை. அத்தையிடம் மரியாதையாகத் தன் உயரத்தைச் சொன்னாள். பிறகு நேராக முன்னால் நடந்து போய், “ப்ரதர், ஒரு நிமிசம் வர்றீங்களா?” என்றாள். இருவரும் எங்களை விட்டு வேகமாக நடந்தார்கள். அம்மா என் முதுகைத் தள்ளினாள். “கூடவே போ. ஆனா ரொம்ப கிட்ட போவாத.”

நான் போதுமான அளவு கிட்டத்திலேயே போனேன்.

“உங்களுக்குப் பொண்ணு பாக்கத்தான் இந்த மலையில ஏறிக்கினு இருக்கோம். அது உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் அக்கா.

அவர் தண்ணீர்க் கேனைக் கீழே வைத்தார். “யாருக்கு?”

“உங்களுக்கு.”

“பொண்ணு யாரு?”

“நான்தான்.”

“ஆண்டவரே!” என்று அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். “எங்க அத்தை சத்தியமா வனபோஜனம்னுதான் சொன்னாங்க. நீங்க தப்பா நெனைச்சிக்காதீங்க. எனக்கு...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

“வேற யாராச்சும் இருக்காங்களா?”

அவர் தலையசைத்தார். கூட வேலை செய்கிற பெண். தெலுங்கு வீடு, சபையும் வேறு. நான்கு வருடமாகப் பழக்கம். அந்த வீட்டில் தெரியும். இவருக்குத்தான் அத்தையிடம் வாய் வரவில்லை. “ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னு போவேன். அவங்க, சாப்டியாடான்னு கேப்பாங்க. சாப்டுட்டு வந்துருவேன்.”

அக்கா சிரித்தாள். முதலில் சின்னதாக, பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அவரும் சிரித்தார். காற்று அந்தச் சிரிப்பைப் பின்னால் கொண்டுபோயிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தேன். பாஸ்டரம்மா இரண்டு கைகளையும் உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் அத்தையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். அவ்வளவு சந்தோஷமான மூன்று முகங்களை நான் அதுவரை சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை.

“நான் சொல்லட்டா அவங்ககிட்ட?” என்றாள் அக்கா.

“நீங்களா? எதுக்கு?”

“என்னைய அவங்க அடிக்கமாட்டாங்கல்ல.”

சாப்பாட்டுக்கு ஒரு அகலமான பாறை. எங்கள் வீட்டுப் புளிசாதம், சித்தூர்க்காரர்களின் கோங்குரா ஊறுகாய், யாரோ கொண்டுவந்த வேர்க்கடலை. அத்தை ஓரமாக உட்கார்ந்து புது ஷூவைக் கழற்ற முடியாமல் முகம் சுளித்துக்கொண்டிருந்தார். அக்கா போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். ஷூவைப் பக்குவமாகக் கழற்றினாள். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. பையிலிருந்து பஞ்சும் பிளாஸ்டரும் எடுத்துத் துடைத்துக் கட்டினாள். அத்தை கண் கலங்க அவள் தலையைத் தடவினார். அம்மா என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். நான் ஊறுகாய் தேடுகிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா அந்தக் காலை மடியிலேயே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. தலையைத் தடவிய கை நின்றதைப் பார்த்தோம். அத்தை எழுந்து நின்றார், ஒரு காலில் ஷூ, ஒரு காலில் பிளாஸ்டர். பாறையின் அந்தக் கோடியில் இருந்த தன் அண்ணன் மகனைப் பார்த்து ஒரே மூச்சில் தெலுங்கில் பொழிந்தார். “நாலுகு சம்வத்சராலா? நாகு செப்பகுண்டானா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான்கு வருடமா, எனக்குச் சொல்லாமலா. அண்ணன் மகன் எழுந்து நின்றார், ஹாஸ்டல் பையனைப் போல. பாஸ்டரம்மா, “ஒரு நிமிஷம் ஜெபிப்போமா” என்று ஆரம்பித்தார். அத்தை அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த ஜெபம் நின்றுபோயிற்று.

அம்மா கேட்டாள், “நீ இன்னா சொன்னடி அவங்ககிட்ட?” அக்கா சொன்னாள். அம்மா தட்டை மூடி வைத்தாள்.

இறக்கத்தில் யார் கையையும் பிடிக்கமாட்டேன் என்று அத்தை முன்னால் போனார். அந்தப் பக்கம் முழுக்கச் சரளைக் கல். கொஞ்ச தூரத்திலேயே முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மகன் ஓடினார். “நீ கிட்ட வராத” என்று ஒரு குரல். அம்மாவுக்குக் கிட்டே போகத் தைரியம் இல்லை. அக்கா மட்டும் போய், எதுவும் கேட்காமல், அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு தூக்கினாள். தினமும் வார்டில் செய்கிற வேலை. நான் பின்னால் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைக்கச் சொன்னாள். பிறகு அத்தை பேசினார்.

“அவன் அம்மா கண்ண மூடும்போது என் கையிலதான் குடுத்துட்டுப் போனா. நம்ம பாஷ பேசுற பொண்ணா எடுக்கணும்னு மனசுல வெச்சிக்கினு இருந்தேன். நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் வீட்ல தெலுங்குல பேசிக்கினு இருப்பாங்க. நான் மூலையில உக்காந்துக்கினு இருக்கணுமா?”

“ஆன்ட்டி, மேல நீங்க எந்த பாஷையில திட்டினீங்க?”

அத்தை ஒரு அடி எடுத்து வைத்து நின்றார். வாயை இறுக்கிக்கொண்டார். பிறகு தாங்க முடியாமல், “கோவத்துக்குத் தமிழ் பத்தலடி” என்றார். சொல்லும்போதே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சரி, நீ எதுக்கு இவ்ளோ பேசுற? உன்ன வேணாம்னு சொன்னவன் அவன்” என்றார்.

“முதல்ல வேணாம்னு சொன்னது நான்தான் ஆன்ட்டி.”

“எதுக்கு? என் பையனுக்கு இன்னா கொற?” உடனே கோபம் திரும்பிவிட்டது.

“ஒரு கொறையும் இல்ல. நான் மலையப் பாக்க வந்தேன். மாப்ள பாக்க வரல.”

அடிவாரத்தில் ஒரு ஓடை. அத்தை தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் தள்ளியே நின்றோம். கடைசியில் அவரே கையசைத்து அண்ணன் மகனைக் கூப்பிட்டார்.

“அந்தப் பொண்ணுக்குத் தமிழ் புரியுமா?”

“கத்துக்கினு இருக்குது அத்தை.”

“எதுவரைக்கும் கத்துக்கிச்சி?”

“சாப்டியான்னு கேக்கும்.”

அத்தை ஷூவைத் தூக்கி அவர் மேல் எறிந்தார். அது அவர் மேல் படாமல் ஓடையில் விழுந்தது. அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை எடுத்து, கவிழ்த்து, தண்ணீரை வடித்து, அத்தையின் பக்கத்தில் வைத்தார். அத்தை அவருடைய ஈரக் காற்சட்டையைப் பார்த்து, “துன்னியா நீ? மேல தட்ட அப்பிடியே வெச்சிட்டியே” என்றார். அவர் இல்லை என்று தலையாட்டினார். அத்தையும் சாப்பிட்டிருக்கவில்லை. அம்மா எங்கள் டப்பாவைத் திறந்து, மிஞ்சியிருந்த புளிசாதத்தை இருவருக்கும் வைத்தாள். அம்மாவுக்கு அந்த மனசு எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது வேனில் அம்மா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சண்டைக்குக் காத்திருந்தேன். அக்கா தூங்கிப்போனாள், தலை அம்மாவின் தோளில் சாய்ந்தது. புத்தூர் வரும்வரை அம்மா தோளை அசைக்கவில்லை. வீட்டுக்கு வந்து வெந்நீர் போட்டபோது மட்டும், அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “உனக்கு இன்னாதாண்டி வேணும்?” என்றாள். கேள்வியாகத்தான் கேட்டாள், குத்தல் இல்லை. அதற்கு முன் அவள் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

“இப்பவா? தூக்கம்” என்றாள் அக்கா.

சித்தூர்க் கல்யாணம் அடுத்த வருடம் நடந்தது. அத்தை அக்காவை மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம், “என்னைய மலையிலேந்து உழாம கூட்டியாந்த பொண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். புதுப்பெண் எங்களிடம் வந்து மிகுந்த சிரத்தையோடு, “சாப்டீங்களா?” என்று கேட்டாள். நாங்கள் சிரித்ததற்குக் காரணம் அவளுக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு அதன் பிறகு யாரும் அக்காவைப் பெண் பார்க்க வரவில்லை. அம்மா அதை முடிவாக அறிவிக்கவெல்லாம் இல்லை. யாராவது சம்பந்தம் என்று போன் செய்தால், “அவளையே கேளுங்க” என்று அக்காவின் நம்பரைக் கொடுத்துவிடுவாள். அக்காவுக்கு முன்பே எனக்குக் கல்யாணம் ஆனது. ஊர் இரண்டு மாதம் பேசிவிட்டு ஓய்ந்தது. அக்கா பிற்பாடு, தனக்குத் தோன்றியபோது, தன் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைவிடக் குட்டை. இருவரும் திருப்பதியில் இருக்கிறார்கள். ஷிப்ட் மாறி மாறி வருவதால் ஒருவரை ஒருவர் பார்ப்பதே விசேஷம் என்பாள்.

அத்தை போன மழைக்காலத்தில் இறந்துபோனார். சித்தூருக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். வனபோஜனம் இப்போதும் நடக்கிறது, ஆனால் ஏதாவது ஒரு ரிசார்ட்டுக்கு ஏசி பஸ்ஸில். மலைப் பாதைக்கு அனுமதி வாங்குவது கஷ்டம் என்கிறார்கள். பாடுவதற்கு மைக் இருக்கிறது. யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. நான் இரண்டு வருடம் போனேன், பிறகு போகவில்லை.

நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். காலை பஸ் நாகலாபுரம் வழியாகத்தான் போகும். தை மாதத்தில் பனி மெதுவாக விலகும்போது முகடு முழுதாகத் தெரிகிற இடம் ஒன்று உண்டு. ஒருநாள் பக்கத்து சீட்டில் இருந்த பெண்ணிடம், “அதோ மேல தெரியுது பாரு, அது மேலயே நாங்க ஒரு நாள் பூரா நடந்திருக்கோம்” என்றேன்.

அவள் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். “எதுக்கு?” என்றாள்.

“எங்க அக்காவப் பொண்ணு பாக்க” என்றேன். அவள் மறுபடி முகட்டைத் தேடுவதற்குள் பஸ் சத்தியவேடு பக்கம் திரும்பிவிட்டது.